தாழையூத்தில் பள்ளம், பொதிகையில் சுவர்: நெல்லை மலைகளில் ஏறும் வழிகள் ஏன் இப்படி இருக்கின்றன?

திருநெல்வேலிச் சீமையில் சுண்ணாம்புக்கல் உண்டு, சுண்ணாம்பு மலை கிடையாது. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால், இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வெளிநாட்டு நகரங்களை ஒட்டிய வெள்ளைப் பாறைகளில் கயிறு கட்டி ஏறுகிறவர்களைக் காணொளியில் பார்த்துவிட்டு, "நமக்கு மேற்கே இவ்வளவு மலை நிற்கிறதே, இங்கே ஏன் அப்படி ஓரிடம் இல்லை?" என்று கேட்கிறார்கள். வனத்துறை விடுவதில்லை என்று பெரியவர்கள் பதில் சொல்லிவிடுகிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் வனத்துறை என்ற ஒன்று வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பாறை தன் பங்கைத் தீர்மானித்துவிட்டது.

சுண்ணாம்புப் பாறை ஏறுகிறவர்களுக்கு ஏன் பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். விரிசல் அகலமாகும், குழி விழும், உள்ளே குகை உண்டாகும். கரைந்த சுண்ணாம்பு வேறோர் இடத்தில் மறுபடி படிந்து விழுதுபோலத் தொங்கும். இரண்டு விரல் நுழையும் பொந்து, நகம் பதியும் விளிம்பு, கட்டிப் பிடிக்கத் தக்க விழுது என்று செங்குத்துச் சுவரிலும் பிடிமானம் கிடைப்பது இதனால்தான். பாறையில் துளையிட்டு போல்ட் அடித்து, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறும் விளையாட்டு இந்தக் கல்லில்தான் செழித்தது.

நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் மலேசியாவின் பத்துமலை. கோலாலம்பூரை ஒட்டி நிற்கும் முழுச் சுண்ணாம்புக் குன்று. தைப்பூசத்துக்குக் காவடி ஏறும் 272 படிகளையும், 2006-இல் திறந்த 140 அடி முருகன் சிலையையும் பார்க்காமல் அங்கிருந்து திரும்பும் தமிழர் இல்லை. ஆனால் கோயில் குகை என்று நாம் கும்பிடுவது, மேலே சொன்னபடி மழைநீர் கரைத்துக் குடைந்த இடம் என்பதையும், அதே குன்றின் வேறு பக்கங்களில் உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டினரும் கயிறு கட்டிச் சுவர் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் கவனிப்பவர்கள் குறைவு. ஒரே கல், ஒரு பக்கம் வேண்டுதல், மறுபக்கம் விளையாட்டு. நகரத்திலிருந்து ரயிலிலேயே போய் இறங்கலாம்.

இன்னோர் உதாரணம் பிரான்சின் தென்கரையில் உள்ள மார்சேய் நகரம். நகர எல்லை முடியுமிடத்தில் கடலை ஒட்டி வெள்ளைச் சுண்ணாம்புத் தொடர் ஆரம்பமாகிறது. கலாங்க் என்று பெயர். ஆல்ப்ஸ் மலையேற்றத்தில் பெரும்புகழ் பெற்ற காஸ்தோன் ரெபுஃபா மார்சேயில் பிறந்து இந்தப் பாறைகளில்தான் பழகினார். அங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. 2012-இல் அந்தத் தொடர் தேசியப் பூங்கா ஆனது. கோடையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் அறிவிப்பார்கள். அபாயம் மிகுந்த நிறம் வந்தால் அன்றைக்கு மலைக்குள் யாரும் போகக்கூடாது. சுகித்தோன் என்ற நெரிசலான ஒரு குடாவுக்கு 2022 முதல் கோடையில் முன்பதிவும் தினசரி உச்சவரம்பும் வந்துவிட்டன. கட்டுப்பாடே இல்லாத சொர்க்கம் என்று நாம் கற்பனை செய்துகொள்கிற இடத்தின் நிலவரம் இது.

சரி, நம்முடைய சுண்ணாம்புக்கல் எங்கே போயிற்று? ஊருக்கு வடக்கே மதுரைச் சாலையில் போனால் தாழையூத்து. 1946-இல் சங்கரலிங்க ஐயரும் டி. எஸ். நாராயணசுவாமியும் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1949-இல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குச் சங்கர்நகர் என்று பெயர். ஆலை அங்கே வந்ததற்குக் காரணம் காலடியில் கிடந்த கல். அது பத்துமலைக் கல்லைப் போலக் குன்றாக எழுந்து நிற்கவில்லை. பழங்காலத்தில் படிந்த சுண்ணாம்பு, நிலத்துக்கடியில் மிக ஆழத்தில் வெந்து அழுந்திப் பளிங்குபோல் மணி மணியாக உருமாறி, சுற்றியுள்ள கருங்கல்லுக்கு நடுவே பட்டை பட்டையாகச் செருகிக் கிடக்கிறது. சமவெளி தேய்ந்தபோது அதுவும் கூடவே தேய்ந்தது. கடினமான பாறை மிஞ்சி நின்ற இடங்களே இன்று குன்றுகள். இங்கே சுண்ணாம்புக்கல்லைத் தேடுகிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

வேண்டுமானால் சோதித்துப் பார்க்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கும். அதே சொட்டைப் பாபநாசத்துப் பாறையில் விட்டால் ஒன்றும் ஆகாது. நெல்லைக்காரர்கள் வெற்றிலைக்கும் சுவருக்கும் வேண்டிய சுண்ணாம்பைக் காளவாசலில் கல்லும் கிளிஞ்சலும் சுட்டு எடுத்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் கடலடிப் பவளப்பாறையையே வெட்டிக் கொண்டுவந்து சுட்ட காலமும் இருந்தது. இந்த மாவட்டத்துச் சுண்ணாம்பின் கதை முழுவதும் சூளையை நோக்கித்தான் போயிருக்கிறது.

மேற்கே நிற்பது வேறு சாதிக் கல். அம்பாசமுத்திரத்து வயலில் நின்று பார்த்தால் மலை படிப்படியாக ஏறுவதாகத் தெரியாது. சுவர் எழுப்பியதுபோல நிற்கும். கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயராத சமவெளியிலிருந்து சில காதத் தொலைவுக்குள் 1868 மீட்டர் உயரத்தில் பொதிகை என்ற அகத்தியமலையின் உச்சி வந்துவிடுகிறது. அந்த மலை சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகளால் ஆனது. நாம் பொதுவாகக் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான, பூமியின் ஆழத்தில் வெந்து பழுத்த கல் அது. காரையாறு, மணிமுத்தாற்றுப் பக்கம் ஓடைக் கல் ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமான வரிகளுக்கிடையே மிளகளவுக்கும் சிறிதாகச் செம்மணிகள் மின்னுவதைப் பல கற்களில் காணலாம். கார்னெட் அது. இப்படிப்பட்ட பாறைகள் உதிர்ந்து ஆற்றோடு போய்க் கடலில் ஒதுங்கியதுதான் தென்கடற்கரையின் செந்நிறத் தாது மணல். அந்த மணலுக்காக நடந்த வழக்குகளையும் சண்டைகளையும் நெல்லை வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கல் மழையில் கரையாது, உரியும். பகல் வெயிலிலும், மேலிருந்த பாரம் நீங்கிய தளர்விலும், வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகக் கழன்றுவிடும். மிஞ்சுவது வழவழப்பான பெரிய மொட்டைச் சரிவு. பொந்து இல்லை, விளிம்பு இல்லை, கைக்கு வேலையே இல்லை. பாதத்தின் உராய்வை நம்பி, உடம்பைப் பாறையோடு ஒட்டாமல் தள்ளி நிறுத்தி, அடிமேல் அடி வைத்து ஏற வேண்டிய கல். காய்ந்திருந்தால் நன்றாகவே பிடிக்கும். ஆனால் இங்கே காய்ந்திருக்கும் நாள் எத்தனை? ஜூனில் தென்மேற்குச் சாரல் தொடங்குகிறது. அது ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தமிழ்நாட்டின் மழை அளவுப் பட்டியலில் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்ற பெயர்கள் முதலிடங்களில் வருவதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். மூன்றும் மாஞ்சோலை மலையில் இருப்பவை. அப்படி நனைந்த பாறையில் பச்சைப் பாசி படர்ந்துவிட்டால், ஊர்ப் பிள்ளைகள்கூடச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள்.

கரையாத கல்லில் குகையும் அரிது. நெல்லைப் பக்கம் புடவு என்று சொல்வது பெரும்பாலும் ஒரு பாறைமேல் இன்னொரு பாறை சாய்ந்து கிடக்கும் நிழல். சிவலப்பேரி அருகே மறுகால்தலையில் அப்படிப்பட்ட ஓரிடத்தில் சமணத் துறவிகளுக்குக் கற்படுக்கை செதுக்கியிருக்கிறார்கள். அதன் மேல்விளிம்பில் உள்ள தமிழ்ப் பிராமி எழுத்துகளை 1906-இல் கண்டறிந்தார்கள். வெண்காசிபன் என்ற ஒருவர் செய்துகொடுத்த படுக்கை என்கிறது கல்வெட்டு. கழுகுமலையில் பாண்டியர் காலத்தில் குன்றின் ஒரு பகுதியை மேலிருந்து கீழாக வெட்டி வெட்டுவான் கோயிலைச் செதுக்கினார்கள், முடிக்காமலும் விட்டார்கள். உறுதியான, உளிக்கு நின்று கொடுக்கிற கல் நம்முடையது. பத்துமலையில் நீர் செய்த வேலையை இங்கே மனிதன் உளி கொண்டு செய்ய வேண்டியிருந்தது.

இனி வழிகள். பொதிகை மலையில் இன்று இருக்கும் பாதைகள் எவையும் ஏறி மகிழ்வதற்காக உண்டானவை அல்ல. யானை நடந்த தடம், அதன்மேல் இந்த மலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் தேனுக்கும் கிழங்குக்கும் நடந்த ஒற்றையடிப் பாதை, அதன்மேல் அகத்தியரைத் தேடிப் போன பக்தர்கள், அதன்பிறகு வெள்ளைக்காரர் காலத்து வனத்துறை ஓய்வு விடுதிகளுக்கான வழி, கடைசியாக அணைக்கும் தேயிலைக்கும் போட்ட சாலை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த இந்த வரிசையில் யானைதான் மூத்த பொறியாளர். சரிவைப் பார்த்து வளைத்து வளைத்து ஏறும் அதன் தடத்தை விட்டுவிட்டு நேராகக் குறுக்கே ஏறியவர்கள் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

மாஞ்சோலைச் சாலையின் பிறப்பு தனிக்கதை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை ஒரு பம்பாய் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. தேயிலை வந்தது, தொழிலாளர் வந்தார்கள், மணிமுத்தாறு வழியாக வளைந்து ஏறும் சாலை வந்தது. குத்தகை 2028-இல் முடிகிறது. கூலி உயர்வு கேட்ட அந்தத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக 1999 ஜூலை 23-ஆம் தேதி நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் தடியடிக்கு நடுவே 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். மலைச்சாலையில் வண்டி ஓட்டிப் போய் மூடுபனியைப் படம் எடுக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போகலாம்.

பாதைகளில் மிகப் பழைய ஆசை அகத்தியமலை உச்சிதான். பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், காணிக்குடியிருப்பான இஞ்சிக்குழி, கண்ணிக்கட்டி, தாமிரபரணி பிறக்கும் பூங்குளம் என்று ஆற்றை எதிர்த்து ஏறிச் செல்வது தமிழகத்து வழி. முன்பு பக்தர்கள் இப்படிப் போய்வந்தார்கள். இப்போது இந்த வழியில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. எனவே நெல்லைக்காரர் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்க்கிற உச்சிக்குப் போகத் திருவனந்தபுரம் மாவட்டத்துக்குள் சுற்றிக்கொண்டு, போணக்காடு என்ற இடத்திலிருந்து ஏற வேண்டும். கேரள வனத்துறை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முன்பதிவின் பேரில் விடுகிறது. முதல்நாள் அதிருமலை முகாம்வரை சுமார் 14 கிலோமீட்டர், மறுநாள் உச்சிக்கு இன்னும் ஆறு. கடைசிப் பகுதியில் மரமெல்லாம் கீழே நின்றுவிடும். மொட்டைப் பாறைச் சரிவில் கட்டிவிட்டிருக்கும் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். நான் மேலே சொன்ன உராய்வுப் பாறையின் உண்மையான ருசி அந்த இடத்தில்தான். காற்று அடித்தால் கயிறு கையை அறுக்கும், மேகம் இறங்கினால் முன்னால் போகிறவரின் கால்கூடத் தெரியாது. பெண்கள் ஏறலாம் என்று கேரள உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு, 2019 ஜனவரியில்தான் அந்தத் தடையும் நடைமுறையில் நீங்கியது.

தமிழகப் பக்கம் ஏன் மூடியிருக்கிறது என்பதற்கு மூன்று அடுக்குக் காரணம். முதலாவது, 1962-இல் புலிகளுக்காக அறிவித்த முண்டந்துறைச் சரணாலயமும் 1976-இல் வந்த களக்காடு சரணாலயமும் இணைந்து 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுவே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். இரண்டாவது, தண்ணீர். தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, பச்சையாறு, நம்பியாறு எல்லாம் இந்தக் காட்டில்தான் பிறக்கின்றன. நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற, விளைக்கிற நீர் இது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் லட்சக்கணக்கில் கூடிக் கலைந்தபின் ஆற்றில் மிதந்த துணியையும் பிளாஸ்டிக்கையும் பார்த்தவர்கள், கட்டுப்பாடு எதற்கு என்று கேட்க மாட்டார்கள். மூன்றாவது, தீ. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. மார்சேயில் நிறம் பார்த்து மலையை மூடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, இங்கே பிப்ரவரிக்குப் பின் போதைப்புல் என்கிற காட்டுப்புல் காய்ந்து மஞ்சளாகிவிட்டால் அதே கணக்குதான்.

எனக்கு இந்தக் கட்டுப்பாடுகளில் பெரிய குறை இல்லை. குறை வேறோர் இடத்தில். எது திறந்திருக்கிறது, எந்த மாதம், யாரிடம் கேட்க வேண்டும் என்பது செக்போஸ்டுவரை போன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. அந்த வகையில் 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 வழிகளை இணையப் பதிவின் கீழ் கொண்டுவந்தது நல்ல தொடக்கம். காரையாறு பக்கம் மூலக்கசம் போகும் வழியும், குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கான வழியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. வழிகாட்டி இல்லாமல் விடுவதில்லை. இது சரியான ஏற்பாடு, ஏனென்றால் காட்டில் யானை நிற்கும் வாசனையைக் காணிக்காரர் மூக்கு அறியும், நம் கைப்பேசி அறியாது. பதிவு இல்லாமல் போகக்கூடியவை கோயில் வழிகள். கடையத்தை அடுத்த தோரணமலை முருகன் கோயிலுக்குப் படிகள் உண்டு. சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். திருக்குறுங்குடி மலைநம்பி கோயில் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் செக்போஸ்டின் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். நம்பியாற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. நகருக்கு மிக அருகில் இருப்பது தூத்துக்குடிச் சாலையில் வல்லநாட்டுக் குன்று. பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது இதோ ஏறிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அது 1987 முதல் வெளிமான் சரணாலயம். இயற்கையில் வெளிமான் வாழும் தென்கோடி இடங்களில் ஒன்று. அனுமதி வாங்காமல் ஏறக்கூடாது.

அப்படியானால் கயிறு கட்டி ஏறப் பழக நினைப்பவர் எங்கே போவது? கைவிட்ட கல்குவாரிகளைச் சிலர் காட்டுகிறார்கள். செங்குத்துச் சுவர், ஊருக்குப் பக்கம், வனத்துறை தொல்லை இல்லை என்று பார்வைக்கு எல்லாம் பொருந்தும். தயவுசெய்து வேண்டாம். வெடி வைத்துப் பிளந்த முகம் அது. வெளியே வழுவழுவென்று தெரிந்தாலும் வெடியின் அதிர்ச்சி உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை ஓட்டியிருக்கும். ஒரு மழை, ஒரு வெயில் போதும், ஏடு கழன்றுவிடும். 2022 மே 14 இரவு நெல்லையை அடுத்த அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள்; நான்கு பேர் உயிரிழந்தார்கள். மீட்புப் படையினர் இறங்குவதற்கே, மேலே மறுபடி கல் உருளுமோ என்று காத்திருக்க வேண்டியிருந்தது. தாழையூத்துப் பக்கத்துச் சுண்ணாம்புப் பள்ளங்களும் வெட்டி எடுத்தவையே; பத்துமலைச் சுவரைப் போல மழை இழைத்தவை அல்ல. கல் ஒரே இனம் என்பதற்காகப் போல்ட் தாங்கும் என்று எண்ண வேண்டாம்.

மிஞ்சுவது பொத்தைகள். பாளையங்கோட்டையிலிருந்து நாங்குநேரி, வள்ளியூர் வரை சமவெளியில் தனித்தனியாகக் கிடக்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளைத்தான் சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் வராத பொத்தைகள் பல உண்டு. பத்துப் பதினைந்து அடி உயரக் குண்டுப் பாறைகளில், கீழே மெத்தை விரித்து, கயிறில்லாமல் பழகும் முறைக்கு அவை எடுப்பாகப் பொருந்தும். பாறையில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். டிசம்பர் மழை ஓய்ந்து பிப்ரவரி முடியும்வரை, காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும்; பிறகு கல் சுடும். ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் அது எந்தக் கணக்கில் இருக்கிற நிலம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கல்வெட்டோ கற்படுக்கையோ உள்ள பாறையைத் தொடவே கூடாது. மறுகால்தலையைப் போல எந்தப் புடவில் எழுத்து இருக்கும் என்று யார் கண்டது, பிடிப்புக்காக மெக்னீசியம் கார்பனேட் பொடி பூசிய கையால் அதைத் தேய்க்க வேண்டாம். குவாரிக்கு ஏலம் போன பொத்தையா என்றும் விசாரிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பொத்தை மேல் சாமி இருக்கிறதா, கொடை எந்த மாதம், செருப்போடு எதுவரை போகலாம் என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் தடை சொல்ல மாட்டார்கள். எந்தப் பாறையில் கருந்தேள் அதிகம் என்பதையும் அவர்களே சொல்லி அனுப்புவார்கள்.